எங்க வீட்டுப் பூனை சைவம்

சன்னல் ஓரம் நீங்களே இருந்துக்கிடுங்க தம்பி. எனக்கு வெயில் ஒத்துக்கிடாது. சங்கரன்கோவிலுக்கா? நானும் அங்கதான். பேத்தி பிறந்திருக்கா. ஒருதரம் போயிப் பாத்துட்டு வந்தாச்சு, இது ரெண்டாவது. அப்படியே வீட்டுக்காரியையும் கையோட கூட்டிட்டு வந்துரலாம்னு கிளம்பிட்டேன்.

மடியில என்னன்னு பாக்கீயளா? பழம்தான். பூனை இல்ல, பயப்படாதீங்க. பூனை வீட்டுல இருக்கு.

ஏன் பூனைன்னு சொன்னேன்னா, இப்பம் கொஞ்ச நாளா எதைப் பேச ஆரம்பிச்சாலும் எனக்குப் பூனையிலதான் வந்து நிக்குது. நீங்க தப்பா எடுத்துக்கிடக் கூடாது. மானூர் வர்றதுக்குள்ள சொல்லி முடிச்சிருவேன்.

முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கிடுங்க. எங்க வீட்டுப் பூனை சைவம். நாங்க தலைமுறை தலைமுறையா சைவம். முட்டை போட்ட கேக்கு கூட எங்க வீட்டு நடைப்படி ஏறாது. அந்த வீட்டுல வளர்ற பூனை வேற எப்படி இருக்கும்? பால்சோறு, தயிர்ச்சோறு, என்னைக்காவது ஒரு அப்பளம். சாம்பல் நிறம். நெத்தியில மூணு கோடு, யாரோ விபூதியக் குழைச்சுப் போட்ட மாதிரி. விடிஞ்சதும் கொல்லைச் சுவர்ல ஏறி உக்காந்து ஒரு இழுப்பு இழுக்கும் பாருங்க, அதைக் கேட்டுத்தான் நான் எந்திரிப்பேன். அதனால ஓதுவார்னு பேரு வச்சேன். கோயில்ல பாடுற நெசமான ஓதுவார் ஒருநாள் வீட்டுக்கு வந்திருந்தாரு. அவரு உக்காந்திருக்கும்போது நான் உள்ள பாத்து, "ஓதுவாரே, அந்தச் சட்டியை நக்காதயும்"னு சத்தம் போட்டுட்டேன். அதுக்குப் பிறகு அவரு வாரதில்ல. தொண்டை சரியில்லன்னு கேள்வி.

எனக்குப் பூனை மேல பிரியம் கிரியம்லாம் கிடையாது. அதையும் இப்பமே சொல்லிருதேன். ரிட்டயர்டு ஆன மனுசன். பத்திரப் பதிவு ஆபீஸ்ல இருந்தேன், எதையும் ஆதாரம் இல்லாமப் பேச மாட்டேன். காலையில பேப்பர் படிக்கும்போது அது கால்மாட்டுல கெடக்கும். நான் பக்கத்தைத் திருப்புனா அது தலையத் தூக்கி ஒரு பார்வை பாக்கும். பிறகு படுத்துக்கிடும். எங்களுக்குள்ள அவ்வளவுதான்.

வீட்டுல நாங்க நாலு பேரு. நான், வீட்டுக்காரி கோமு, மகன் ஆவுடையப்பன், மருமக வடிவு. வடிவுக்குச் சொந்த ஊரு சங்கரன்கோவில். அவங்களும் நம்மள மாதிரி சுத்த சைவம், விசாரிச்சுத்தான் எடுத்தோம். ஆவுடை இன்சூரன்ஸ் கம்பெனியில இருக்கான். தங்கமான பையன். ஞாயித்துக்கிழமையானா ரெண்டு பேரும் ஜங்ஷன் பக்கம் போயிட்டு வருவாங்க. வந்தா சாப்பாடு வேண்டாம்பாங்க. "என்னடா"ன்னு கேட்டா, "ஜூஸ் குடிச்சோம்ப்பா, வயிறு நிறைஞ்சுட்டு"ம்பான். வண்டிச் சத்தம் கேட்டதும் ஓதுவாரு எங்க இருந்தாலும் ஓடி வந்துரும். அவன் விரல் ஒவ்வொண்ணையும் நக்கும். சட்டைய முகரும். ஓதுவாருக்கு ஜூஸ்னா உசிரு.

சரி, விசயத்துக்கு வாரேன்.

போன மழைக்காலம் முடிஞ்ச சமயம். வடிவு உண்டாயிருந்தா. கல்யாணமாகி கொஞ்சம் தள்ளித்தான் தங்குச்சு, அதனால வீட்டுல எல்லாருக்கும் அவ்வளவு சந்தோசம். அந்த நேரம் பாத்து ஒரு பொண்ணு வந்து வாசல்ல நிக்கா. கையில ரப்பர் உறை, தோள்ல பை, பை நிறைய சின்னச் சின்ன டப்பி. பேரு ஜெஸிந்தாவாம். மாட்டு டாக்டருக்குப் படிக்காளாம்.

"ஊருக்குள்ள சுத்துற பூனைகளுக்கு வயித்துல புழு எவ்வளவு இருக்குன்னு கணக்கெடுக்கோம் சார். உங்க வீட்டுப் பூனை கழிவு கொஞ்சம் வேணும்"னா.

நான் ரிட்டயர்டு ஆன பிறகு என்கிட்ட ஒருத்தரு ஒண்ணு வேணும்னு கேட்டு வந்தது அன்னைக்குத்தான். இருந்தாலும் முறைன்னு ஒண்ணு இருக்குல்லா. "சுத்துற பூனைன்னா நீ தெருவுக்குத்தான் போகணும்மா. இது வீட்டுப் பூனை"ன்னேன்.

"வெளிய போகுமா சார்?"

"போகும்."

"எப்ப வரும்?"

"அது இஷ்டம்."

"அப்ப சுத்துற பூனைதான் சார்"னா.

நானும் எத்தனையோ பத்திரம் பாத்திருக்கேன், இப்படி ஒரே வார்த்தையில பட்டாவ மாத்தி எழுதினவளைப் பாத்ததில்ல. கொல்லையில முருங்கை மூட்டுப் பக்கம் போனா, டப்பியில எடுத்தா, மூடினா, நன்றி சொன்னா, போயிட்டா.

கொஞ்ச நாள் கழிச்சு முடிவோட வந்தா. எல்லாரும் பட்டாசாலைக் கூடத்துல இருந்தோம். "புழு இருக்கு சார். மூணு வகை. உருண்டைப் புழு, கொக்கிப் புழு, நாடாப் புழு"ன்னா. ஏதோ மார்க்கு சொல்லுத மாதிரி சொல்லுதா. நான் பொறுமையாத்தான் கேட்டேன். "எப்படிம்மா வரும்?"

"மண்ணுல இருந்து வரும், தாய்ப்பூனைகிட்ட இருந்து வரும். ஆனா இந்த நாடாப் புழு இருக்குல்லா சார், உங்க பூனைக்கு இருக்கிற வகை, அது எலியத் தின்னாத்தான் வரும்."

கேட்டீயளா? எனக்குக் காது ரெண்டும் அடைச்சுட்டு. "எங்க பூனை சைவம்"னேன். அவ சிரிக்கா. சிரிச்சா ஆயிருமா? "ஏம்மா, எங்க வீட்டுல எலியே கிடையாது. ஒரு எலியக் காட்டு பாப்போம்"னேன்.

"அதான் சார்"னா.

என்ன அதான்? எனக்கு இன்னைக்கு வரைக்கும் விளங்கல. எலியே இல்லாத வீட்டுல பூனை எப்படி எலி தின்னும்? இதைக் கூட யோசிக்காம என்ன படிப்புச் சொல்லிக் கொடுக்காங்களோ.

"மத்த பூனைக்கெல்லாம் எப்படி?"ன்னு கேட்டேன். பாத்ததுல பாதிக்கு மேல புழு இருக்காம். பஸ் ஸ்டாண்டுப் பூனை, டீக்கடைப் பூனை, ரேஷன் கடைப் பூனை, எல்லாத்துக்கும். "மீன் மார்க்கெட்டுல எடுத்த பூனைக்கும் உங்க பூனைக்கும் கிட்டத்தட்ட ஒரே புழுதான் சார்"னா. இதை அவ சொல்லாமலே இருந்திருக்கலாம். எங்க கோமு கூட அடுக்களையில இருந்து எட்டிப் பாத்துட்டா. மீன் மார்க்கெட்டுல தலையும் வாலும் தின்னு வளர்ந்ததும், எங்க வீட்டுல தயிர்ச்சோறு தின்னு வளர்ந்ததும் ஒண்ணா?

இலவசமா மருந்து தாரேன்னா. நான் வாங்கல. வாங்குனா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்லா. கையெழுத்துப் போட்ட பிறகு இது என் கையெழுத்து இல்லன்னா யாரு நம்புவா?

இதோட முடிஞ்சிருந்தா நான் உங்ககிட்ட சொல்ல ஒண்ணுமில்ல. அவ கிளம்புற நேரம் வடிவு கேட்டா, "இதெல்லாம் மனுசங்களுக்கு வருமா?"ன்னு.

அந்தப் பொண்ணு வடிவு வயித்தைப் பாத்துட்டு, கொஞ்சம் தணிஞ்ச குரல்ல சொன்னா. "சிலது வரலாம் அக்கா. மண்ணைத் தொட்டா சோப்புப் போட்டுக் கை கழுவுங்க. பூனைக் கழிவை நீங்க அள்ளாதீங்க, வேற யாராவது தினமும் அள்ளிரட்டும். டாக்ஸோன்னு வேற ஒரு கிருமி உண்டு. நாங்க பாத்த சோதனையில அது தெரியாது. டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுங்க. பயப்பட ஒண்ணுமில்ல."

பயப்பட ஒண்ணுமில்லன்னு ஒருத்தரு சொன்னா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். வடிவு போனை எடுத்துட்டு அறைக்குள்ள போனா. சாப்பிட வரல. கோமு தட்டக் கொண்டு போனா கதவைத் திறந்து வாங்கிக்கிட்டா, முகமெல்லாம் வீங்கிக் கெடக்கு. அந்தக் கிருமி வயித்துல இருக்கிற பிள்ளைக்குக் கண்ணைக் கெடுக்குமாம், மூளையைக் கெடுக்குமாம், பிள்ளையே போனாலும் போயிருமாம். "மாமா, நான் அதைத் தடவிக் கொடுத்திருக்கேன். மடியில வச்சிருக்கேன்"ன்னு அழுதா. "ஆதாரம் வரட்டும்மா"ன்னேன். அவ இன்னும் கூடுதலா அழுதா.

ஓதுவாரு அவ கதவு முன்னாலயே படுத்துக் கெடந்துச்சு. ஆவுடை ஒருநாள் விளக்குமாத்தை எடுத்து அதை விரட்டினான். அது கொஞ்ச தூரம் போயி நின்னு, திரும்பி அவன் விரலையே பாத்துச்சு.

சங்கரன்கோவில்ல இருந்து சம்பந்தி போன் போட்டாரு. "உங்களுக்குப் பூனை முக்கியமா, பேரப்பிள்ளை முக்கியமா?"ன்னாரு. நல்ல மனுசன், ஆனா கேள்வி கேக்கத் தெரியாது. "ரெண்டையும் ஏன் ஒரே தராசுல வைக்கீய?"ன்னேன். அவரு போனைச் சம்பந்தியம்மா கையில, அதான் எங்க மதினிகிட்ட, கொடுத்துட்டாரு. அந்த அம்மா பேசினதை நான் பஸ்ஸுல சொல்ல முடியாது.

அள்ளுத வேலைய நான்தான் செஞ்சேன். வேற யாரு இருக்கா? தினமும் காலையில பேப்பர் படிக்க முந்தி, முகத்துல ஒரு துண்டைக் கட்டிக்கிட்டு, கொல்லை முழுக்கத் தேடி அள்ளி, குழியில போட்டு மூடுவேன். பக்கத்து வீட்டுக்காரரு சுவருக்கு மேல எட்டிப் பாத்து, "என்ன அண்ணாச்சி, புதையலா?"ன்னு கேப்பாரு. பிரியம் இருந்தா இதெல்லாம் செய்வாங்க. நான் கடமைக்குச் செஞ்சேன்.

பிறகு டாக்டரம்மாகிட்ட போனோம். வடிவுக்கு ரத்தம் எடுத்துப் பாத்தாங்க. முடிவு கேக்கப் போகும்போது நாலு பேருமே போனோம். கோமு எங்கயும் வரமாட்டா, அன்னைக்கு என்னமோ சேலைய மாத்திக்கிட்டு முதல் ஆளா ஆட்டோவுல ஏறி உக்காந்துட்டா.

டாக்டரம்மா பாத்துட்டுச் சிரிச்சாங்க. "பயப்படாதம்மா. இது எப்பவோ வந்துட்டுப் போனது. நீ மாசமாகுறதுக்கு முந்தியே. உடம்புல எதிர்ப்பு வந்தாச்சு, அது பிள்ளையையும் காப்பாத்தும். இப்ப புதுசா வந்திருந்தாத்தான் கவலை. நம்ம ஊருல எத்தனையோ பேருக்கு வந்துட்டுப் போயிருக்கும், அவங்களுக்கே தெரியாது"ன்னாங்க. வடிவு மேசையில தலைய வச்சு அழுதுட்டா. ஆவுடை அவ முதுகைத் தடவிக்கிட்டே இருந்தான். எனக்கும் ஒரு மாதிரி ஆயிட்டு. ஏ.சி. கூடுதலா வச்சிருந்தாங்க.

"அப்பம் எங்க பூனை கொடுக்கலைன்னு எழுதித் தருவீங்களா டாக்டர்?"ன்னு கேட்டேன்.

"பூனையாலயும் வரலாம், ஆனா தடவினா வர்றது குறைவு சார். அதிகம் வர்றது சரியா வேகாத கறியில. கடையில அவசரத்துல சுட்டுக் கொடுக்காங்க பாருங்க, அந்த மாதிரி. கறி சாப்பிடுற பழக்கம் உண்டாம்மா?"

நான்தான் பதில் சொன்னேன். "டாக்டர், நாங்க சுத்த சைவம். அவங்க வீடும் சைவம்."

ஆவுடை தலைய நிமித்தி ஃபேனைப் பாத்தான். அது ஓடல. வடிவு, "கழுவாத கீரையா இருக்கும் டாக்டர்"னு மெதுவாச் சொன்னா. பாத்தீயளா, அந்தப் பதட்டத்துலயும் பிள்ளை எவ்வளவு தெளிவா யோசிச்சிருக்கா. அன்னையில இருந்து கீரைக்காரியை நிறுத்திட்டேன். அவ வாசல்ல நின்னு, "நான் என்ன செஞ்சேன் சாமி?"ன்னு கேட்டா. விவரமா எடுத்துச் சொன்னேன். அவளுக்கு ஏறல.

எந்திரிக்கலாம்னு இருக்கும்போது கோமு வாயத் திறந்தா.

"டாக்டர், இந்தக் கிருமி வந்தா வயித்துலயே பிள்ளை போயிருமா?"

"போகலாம்மா, சில பேருக்கு. ஏன்?"

"அந்தக் காலத்துல இந்த டெஸ்ட் இருந்துச்சா?"

"எந்தக் காலத்துல?"

"இவன் பிறக்க முந்தி"ன்னு ஆவுடையக் காட்டுதா.

இதை நான் உங்களுக்குச் சொல்லணும். பெரிய கதை இல்ல. ஆவுடைக்கு முந்தி ஒண்ணு உண்டாச்சு. எட்டாம் மாசத்துல அசைவு நின்னுட்டு. பொம்பளப் பிள்ளை. ஆஸ்பத்திரியில இருந்தே எடுத்துட்டுப் போயி முடிச்சாச்சு. அதுக்கு முந்தின வாரம்தான் கோமு அவ தங்கச்சிகூட மாட்டினி ஷோ போயிட்டு வந்திருந்தா. எங்க அம்மை, இவ இருட்டுல போயி உக்காந்து பிள்ளையைக் கொன்னுட்டான்னு சொன்னா. அம்மை ஒண்ணு சொன்னா எங்க வீட்டுல மறுபேச்சு கிடையாது. அதுக்குப் பிறகு எந்த வீட்டு வளைகாப்புன்னாலும் கோமுவை முன்னால விடமாட்டாங்க. ஆவுடை பிறந்த பிறகும் அது அப்படியே பழகிப் போச்சு. அவளாவே போயி அடுக்களையில எதையாவது நறுக்கிக்கிட்டு இருப்பா. கூட்டத்துல நிக்கது அவளுக்குப் பிடிக்காது. சினிமாவும் பிடிக்காது. டி.வி.யில போட்டாக் கூட எந்திரிச்சுப் போயிருவா. ருசி ஆளுக்கு ஆள் மாறும்லா.

அதைப் போயி டாக்டர்கிட்ட கேக்கா. "மாட்டினி ஷோவுக்குப் போனேன் டாக்டர். அதனால இருக்குமா?"

டாக்டரம்மா கண்ணாடியைக் கழட்டிட்டுக் கோமுவைப் பாத்தாங்க. "என்ன காரணம்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாதும்மா. நூறு காரணம் இருக்கும். ஆனா சினிமாவுக்குப் போனதால எந்தப் பிள்ளையும் சாகாது. உங்ககிட்ட யாரு அப்படிச் சொன்னா?"

கோமு எந்திரிச்சு நின்னுட்டா. நான் சுவர்ல இருந்த படத்தைப் பாத்துக்கிட்டு இருந்தேன். கொழு கொழுன்னு ஒரு பிள்ளை படம். நல்ல படம்.

திரும்பி வரும்போது ஒரு சினிமாக் கொட்டகை முன்னால கோமு ஆட்டோவை நிறுத்தச் சொன்னா. இறங்கினா. கேட்டுக்கு வெளிய நின்னு, ஒட்டியிருந்த போஸ்டரையே பாத்துக்கிட்டு நின்னா. டிக்கெட்டு எடுக்கல, யார்கிட்டயும் எதுவும் கேக்கல. சும்மா நின்னா. வெயிலான வெயில். "ஏளா கோமு, என்ன வேணும்?"னு கேட்டேன். ஒண்ணும் வேண்டாம்னு வந்து உக்காந்தா. வடிவு அவ கைய எடுத்துப் பிடிச்சுக்கிட்டா. என்ன படம்னு நானும் பாக்கல.

வளைகாப்பு வந்துச்சு. டாக்டர் சொன்ன பிறகும் சம்பந்தி வீட்டுல மனசு ஆறல. பூனை இருக்கிற வீட்டுல கால் வைக்க மாட்டோம்னுட்டாங்க. நான் எப்பவும் சமாதானமாப் போறவன். மேலப்பாளையம் பக்கம் ஒரு அரிசி மில்லுல பேசி வச்சேன், எலித் தொல்லைக்குப் பூனை வேணும்னு ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டு இருந்தாங்க. எனக்கு ஒரே கவலை, எலியக் கண்ணால பாத்திராத பூனை அங்க போயி என்னத்தைத் தின்னும், பட்டினி கிடக்குமேன்னுதான். தயிருக்கு ஏற்பாடு பண்ணச் சொன்னேன். அவங்க சரின்னாங்க, சிரிச்சுக்கிட்டே.

வளைகாப்பு அன்னைக்குக் காலையில அதைச் சாக்குல போட்டுக் கட்டினேன். என் கையாலதான் கட்டினேன். அது கடிக்கல, கீறல. யாரோன்னு நெனச்சிருந்தா கீறியிருக்கும். முற்றத்துல சாக்கை வச்சிட்டு, மில்லு வண்டிக்காகக் காத்துக்கிட்டு இருக்கேன். பட்டாசாலையில கூட்டம். வடிவு மணையில இருக்கா. சாக்குக்குள்ள இருந்து அது பாட ஆரம்பிச்சுட்டு. விடியக்காலத்துல எப்படி இழுக்குமோ அதே இழுப்பு. உள்ள பெண்டுகள் பாட்டு, வெளிய இது. சம்பந்தி என்னை ஒரு பார்வை பாத்தாரு.

அடுக்களையில இருந்து கோமு வந்தா. கையில வாழைக்காய்க் கறை. நேரா முற்றத்துக்கு வந்து குனிஞ்சு சாக்கை அவுக்கா. தம்பி, இவ அந்தப் பூனையை ஒருநாளும் தொட்டது கிடையாது. கிட்ட வந்தா முந்தானையை ஒதுக்கிக்கிட்டுப் போவா.

"ஏளா, என்ன செய்த?"ன்னேன்.

ஓதுவாரு வெளிய பாஞ்சு கட்டிலுக்கு அடியில போயிட்டு. மதினி, "அதை ஏன் அவுத்து விடுதீங்க?"ன்னு கத்துதாங்க.

"அது கொடுக்கலைன்னு டாக்டரு சொல்லியாச்சு"ன்னா கோமு. சத்தமாச் சொல்லல. ஆனா பாட்டு நின்னுட்டு. "செய்யாத குத்தத்துக்கு ஒரு சீவன் எவ்வளவு காலம் வெளிய நிக்கணும்? சொல்லுங்க, எவ்வளவு காலம்?"

கேட்டது மதினிகிட்ட. பாத்தது என்னை. அது வெளிய நின்னதே கொஞ்ச நேரம்தான்.

பிறகு குழாயடிக்குப் போனா. சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவினா. ஈரக் கையோட நேரா மணை முன்னால போயி நின்னு, தட்டுல இருந்து வளையலை எடுத்தா. முறைப்படி எங்க அக்காதான் முதல்ல போடணும். அக்கா, "கோமு, நீ போயி..."ன்னு ஆரம்பிச்சா. "என் மருமகளுக்கு நான் போடுதேன் மதினி"ன்னா. அக்கா வாய மூடிட்டா. எங்க அக்கா வாய மூடி நான் பாத்தது அதுதான் முதல் தடவை. வடிவு ரெண்டு கையையும் சேத்து நீட்டினா. கோமு ஒவ்வொண்ணாப் போடுதா, கண்ணாடி வளையல் கிணுங்குது. ஒண்ணு கூட உடையல. வடிவு அவ தோள்ல சாஞ்சு அழுதா. அங்க இருந்த பொம்பளைங்க பாதிப் பேரு அழுதாங்க. ஒரு பூனைக்காக இவ்வளவு பேரு அழுவாங்கன்னு நான் நெனக்கல. கோமுவுக்கு அது மேல இத்தனை பாசம் இருந்திருக்கு, இத்தனை வருசமா எனக்குத் தெரியாமப் போச்சு பாருங்க.

மில்லுக்காரங்க வண்டி வந்துச்சு. வெறுஞ்சாக்கைக் கொடுத்து அனுப்பினேன்.

மறுநாள் கோமுவே அந்த ஜெஸிந்தாவுக்குப் போன் போட்டு வரச் சொல்லிட்டா. நம்பரை எப்பம் வாங்கி வச்சாளோ. இவ பூனையை மடியில அமுக்கிப் பிடிச்சுக்கிட, அந்தப் பொண்ணு அதோட வாயத் திறந்து மருந்தை ஊத்துச்சு. கோமு கையெல்லாம் கீறல். அதைப் பத்தி அவ கவலைப்படல. ரெண்டு பேரும் ரொம்ப நேரம் பேசிக்கிட்டு இருந்தாங்க. "மருந்து கொடுத்தாலும் திரும்ப வரும் அம்மா. எலி தின்னா வரும். அதனால அப்பப்ப கொடுக்கணும்"னு அந்தப் பொண்ணு சொல்லுது. "கொடுப்போம்"ங்கா கோமு. நான் பேப்பரை எடுத்து விரிச்சேன்.

அடுத்த நாள் கொல்லையில நான் ஒண்ணு பாத்தேன். வெள்ளையா, நாடா மாதிரி, நீளமா. நூலா இருக்கும். தைக்கிறவங்க யாராவது போட்டிருப்பாங்க. காலால மண்ணைத் தள்ளி மூடிட்டேன்.

இப்பம் எங்க இருக்கோம்? மானூர் எப்பமோ போயிட்டா? பேசிக்கிட்டே வந்ததுல தெரியல. தேவர்குளமும் தாண்டியாச்சா. சரி, இன்னும் கொஞ்சம்தான்.

பிரசவத்துக்கு வடிவை ஊருக்குக் கூட்டிட்டுப் போனாங்க. நேரம் வந்ததும் கோமு கூட இருக்கப் போனா. பொம்பளப் பிள்ளை. நல்ல எடை, நல்ல நிறம். கண்ணு, காது எல்லாம் பாத்துட்டாங்க, ஒரு குறையும் இல்ல. நான் போயிருந்தப்ப என் விரலைப் பிடிச்சுக்கிட்டு விடல. பிடிச்சா விடாது. எங்க அம்மை சாடைன்னு சொன்னேன். கோமு பிள்ளைய வாங்கிட்டு உள்ள போயிட்டா.

அதுல இருந்து அவ அங்கதான் இருக்கா. வாரேன் வாரேன்னுதான் சொல்லுதா, எப்பம்னு சொல்ல மாட்டேங்கா. பிள்ளையக் குளிப்பாட்ட ஆள் வேணும்லா. அவளும் வடிவும் ஒருநாள் சினிமாவுக்குப் போயிட்டு வந்தாங்களாம், மதினி பிள்ளையப் பாத்துக்கிட்டாங்களாம், ஆவுடை சொன்னான். படம் எப்படி இருந்துச்சுன்னு கேட்டதுக்கு, அம்மா படத்தைப் பாக்கவே இல்ல, இருட்டுல என் கையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்கன்னு வடிவு சொன்னாளாம். டிக்கெட்டு வீணாப் போச்சு.

எனக்குப் போன் பண்ணினா முதல்ல, "ஓதுவாருக்குச் சோறு வச்சீயளா?"ன்னுதான் கேப்பா. என்னைச் சாப்பிட்டீயளான்னு கேக்கதில்ல. நான் எப்படியும் சாப்பிட்டிருப்பேன்னு அவளுக்குத் தெரியும்லா. இத்தனை வருசம் கூட இருந்தவ.

நேத்து மத்தியானம் பேசினா. பிள்ளைக்குப் பேரு வைக்கணுமாம். வடிவு கோமுகிட்டயே பொறுப்பை விட்டுட்டாளாம். "நல்லது, எங்க அம்மை பேரையே வச்சிரு"ன்னேன். அதுக்கு அவ, "மூத்தவளுக்கு என்ன பேரு வைக்கணும்னு நெனச்சு வச்சிருந்தீய?"ன்னு கேட்டா.

"மூத்தவ யாரு? ஆவுடைதானளா மூத்தவன்"னேன்.

ஹலோ ஹலோன்னு கூப்பிட்டுப் பாக்கேன், கட்டாயிட்டு. திரும்ப அடிச்சா எடுக்கல. பிறகு வடிவுக்கு அடிச்சேன், "அத்தை மாடியில இருக்காங்க மாமா, இப்ப பேச மாட்டாங்க"ங்கா. அதான் நேர்லயே போயிக் கேட்டுக்கிடுவோம்னு இன்னைக்குக் கிளம்பிட்டேன். சங்கரன்கோவில்ல டவர் சரியில்ல தம்பி, பாதிப் பேச்சுலயே அத்துப் போயிரும். உங்க போனை எடுத்துப் பாருங்களேன், கோடு ஒண்ணுதான காட்டுது?

முழுசாக் காட்டுதா? அப்பம் உங்களது வேற கம்பெனியா இருக்கும்.